எதற்குப் பதிலாக இந்த டம்ளர்?

வாசகர் கேள்விகளுக்கு உணவியல் பதில்கள்

இம்முறை வந்த கடிதங்களில் பெரும்பாலானவை ஒரே பொருளைச் சுற்றியே இருந்தன. மருந்துக் கடை அலமாரியில் ‘சர்க்கரை நோயாளிகளுக்கானது’ என்ற அச்சுடன் நிற்கும் ஊட்டச்சத்துப் பவுடர் டப்பாதான் அது. ஆகவே மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இவற்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: என் அம்மாவுக்கு வயது 61. பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை நோய் இருக்கிறது. காய்ச்சலில் படுத்து எழுந்த பிறகு ஐந்து கிலோ குறைந்துவிட்டார். மருந்துக் கடைக்காரர் சொன்னதன் பேரில் சர்க்கரை நோயாளிகளுக்கான பவுடரை வாங்கிக் காலையும் இரவும் பாலில் கலந்து ஒரு டம்ளர் கொடுத்து வருகிறோம். மூன்று வாரத்தில் சாப்பிட்ட பின் பார்க்கும் சர்க்கரை 190-இலிருந்து 250-க்குப் போய்விட்டது. சர்க்கரை நோயாளிகளுக்கென்றே செய்த பவுடர் சர்க்கரையை எப்படி ஏற்றும்?
— ஒரு வாசகி, திருநெல்வேலி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்து ஒரு விவரத்தைத் தேடினேன், அது இல்லை. அந்த டம்ளரை எதற்குப் பதிலாகக் கொடுக்கிறீர்கள் என்று நீங்கள் எழுதவில்லை. வழக்கமான நான்கு இட்லியைச் சாப்பிட்ட பிறகு அதன்மேல் ஒரு டம்ளர் என்றால், காலைச் சாப்பாட்டில் ஏறத்தாழ இன்னும் இரண்டு இட்லியின் மாவுச்சத்தைக் கூடுதலாகச் சேர்த்திருக்கிறீர்கள். இந்தப் பவுடர்களில் பெரும்பாலானவை ஒரு வேளை அளவுக்கு 200 முதல் 250 கலோரியும், 20 முதல் 30 கிராம் மாவுச்சத்தும் கொண்டவை. தண்ணீரில் கலக்கும்படி டப்பாவில் போட்டிருக்கும்போது 200 மில்லி பாலில் கலந்தால், பாலின் சர்க்கரையே இன்னொரு பத்து கிராம் அளவுக்குச் சேரும்.

இந்தப் பவுடர் சர்க்கரையைக் குறைக்கும் மருந்து அன்று. வேறோர் உணவைவிடக் குறைவாக ஏற்றும் உணவு, அவ்வளவே. அந்த ‘வேறோர் உணவு’ எது என்பதை விளம்பரங்கள் சொல்வதில்லை. ஆய்வுகள் சொல்கின்றன: சாதாரண ஊட்டச்சத்துப் பவுடர். மருத்துவமனைகளில் காலங்காலமாகக் கொடுக்கப்படும் வழக்கமான கலவைகளில் கலோரியில் பாதிக்கு மேல் மாவுச்சத்திலிருந்து வரும். அதில் பெரும்பகுதி மால்டோடெக்ஸ்ட்ரின். இது ஸ்டார்ச்சைச் சிறு துண்டுகளாக உடைத்துச் செய்யும் பொடி. நாக்கில் அவ்வளவாக இனிக்காது. ஆனால் குடலில் ஏறக்குறைய குளுக்கோஸின் வேகத்திலேயே ரத்தத்துக்குப் போய்விடும். சர்க்கரை நோயாளிகளுக்கான கலவைகளில் மாவுச்சத்தின் பங்கைக் குறைத்து, ஐசோமால்டுலோஸ் போன்ற மெல்லச் செரிக்கும் வகைகளை வைத்து, நார்ச்சத்தையும் சேர்த்து, குறைத்த கலோரியை ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு (ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் வகை) மிகுந்த எண்ணெயால் ஈடுகட்டுகிறார்கள்.

இந்த மாற்றத்தால் கிடைக்கும் பலன் எவ்வளவு? 2005-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு 23 ஆய்வுகளையும் அவற்றில் இடம்பெற்ற 784 நோயாளிகளையும் ஒன்றாக வைத்துப் பார்த்தது. சாதாரணக் கலவையோடு ஒப்பிட்டால், குடித்த பிறகு சர்க்கரை ஏறும் அளவு டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 18 மில்லிகிராம் குறைந்திருந்தது. உச்ச அளவு ஏறத்தாழ 29 மில்லிகிராம் குறைந்திருந்தது. இது உண்மையான பலன்தான். ஆனால் 250-ஐ 150 ஆக்கும் பலன் அன்று. நான்கு இட்லிக்கு மேல் குடிப்பதற்கும் இந்தக் கணக்குக்கும் தொடர்பும் இல்லை.

இப்போது உங்கள் அம்மாவுக்கு வருவோம். அவர் மெலிந்திருக்கிறார் என்பதால், அவருக்குக் கூடுதல் கலோரி வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் முதலில் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும்: அந்த ஐந்து கிலோ காய்ச்சலால் மட்டும் போனதா, அல்லது கட்டுப்பாடு இழந்த சர்க்கரை சிறுநீரில் கலோரியை வெளியேற்றிக்கொண்டே இருப்பதால் போனதா? இரண்டாவதாக இருந்தால் எத்தனை டப்பா வாங்கினாலும் ஓட்டைக் குடத்தில் நீர் ஊற்றுகிற கதைதான். மருந்தையோ இன்சுலினையோ சரிசெய்தால்தான் உடம்பு தேறும். கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையோடு மருத்துவரைப் பாருங்கள். அதுவரை பவுடரைத் தண்ணீரில், டப்பாவோடு வரும் ஸ்கூப்பால் அளந்து கலந்து, காலை உணவோடு சேர்க்காமல் பதினொரு மணிக்கும், மாலையில் பிஸ்கட்டும் இனிப்புக் காபியும் வரும் நேரத்தில் அவற்றுக்குப் பதிலாகவும் கொடுங்கள். குடித்து இரண்டு மணி நேரம் கழித்து ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள்.

பார்ப்பதற்கு முன் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி நன்றாகத் துடைத்த பிறகே விரலைக் குத்துங்கள். ஒருமுறை என்னிடம் வந்த பெரியவர் ஒருவருக்கு மீட்டர் 312 என்று காட்டியது. ஆளைப் பார்த்தால் அப்படித் தெரியவில்லை. கேட்டபோது, சற்று முன் தானே பவுடரைக் கலக்கியதாகச் சொன்னார். ஆட்காட்டி விரல் ஓரத்தில் பிசுபிசுப்பு அப்படியே இருந்தது. கழுவித் துடைத்துவிட்டு மறுபடி குத்தியபோது 168. அந்த 312-ஐ நம்பி இன்சுலினைக் கூட்டியிருந்தால் அன்றிரவு என்ன ஆகியிருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்.

கேள்வி: ‘சர்க்கரை சேர்க்கப்படவில்லை’ என்று அச்சிட்ட எந்தப் பவுடரையும் சர்க்கரை நோயாளிகள் குடிக்கலாமா?
— ஒரு வாசகர், கரூர்

பதில்: அந்த வாக்கியம் தனியாகச் சேர்க்கும் சர்க்கரை வகைகளைப் பற்றி மட்டுமே பேசுகிறது, மாவுச்சத்தைப் பற்றி அன்று. டப்பாவைத் திருப்பிச் சேர்மானப் பட்டியலைப் பாருங்கள். பொருள்களை எடையில் மிகுந்தது முதலாக வரிசைப்படுத்தி எழுத வேண்டும் என்பது விதி. முதல் இடத்தில் மால்டோடெக்ஸ்ட்ரின் இருந்தால், முன்பக்கத்தில் என்ன எழுதியிருந்தாலும் அது மாவுப் பவுடர்தான். சத்து அட்டவணையில் ‘சர்க்கரை’ என்ற வரியை விட்டுவிட்டு ‘மொத்த மாவுச்சத்து’ என்ற வரியைப் படியுங்கள். இனிப்புக்காக மால்டிடால் சேர்த்த வகைகளில் சிலருக்கு வயிறு உப்பும், பேதியும் ஆகலாம். அப்போது பாலைக் குறைசொல்லிப் பயனில்லை.

கேள்வி: என் மாமனாருக்கு வயது 72. பக்கவாதத்துக்குப் பிறகு விழுங்க முடியாமல் மூக்கு வழியாக ரைல்ஸ் டியூப் போட்டிருக்கிறார்கள். மருத்துவமனையில் குழாய் வழியாகப் பவுடர் கலவை கொடுத்தபோது சர்க்கரை 280 வரை போனது, இன்சுலின் போட்டார்கள். இப்போது வீட்டுக்கு அழைத்து வந்துவிட்டோம். பவுடர் விலை கட்டுப்படியாகவில்லை என்பதால் கேழ்வரகுக் கஞ்சியை வடிகட்டிக் கொடுக்கலாம் என்று உறவினர்கள் சொல்கிறார்கள். இன்சுலின் தொடர்கிறது. என்ன செய்வது?
— ஒரு வாசகி, தஞ்சாவூர்

பதில்: உங்கள் கேள்விக்குள் ஓர் ஆபத்து ஒளிந்திருக்கிறது என்பதால் இதற்கு விரிவாகவே பதில் சொல்ல வேண்டும்.

முதலில் கஞ்சியின் கணக்கு. 15 கிராம் கேழ்வரகு மாவை 200 மில்லி நீரில் காய்ச்சினால் குழாயில் இறங்கும் அளவுக்கு நீர்க்க இருக்கும். அதில் இருப்பது சுமார் 50 கலோரி. வடிகட்டினால் அதிலும் குறையும். அதே 200 மில்லி மருத்துவக் கலவை, சரியாகக் கலந்தால், சுமார் 200 கலோரி. ஒரு நாளைக்கு ஏழு முறை கஞ்சி கொடுத்தாலும் 350 கலோரிதான் போகும். அவருக்குத் தேவை அதைப் போல நான்கு மடங்கு. கலோரியை ஏற்றுவதற்காகக் கெட்டியாகக் காய்ச்சினால் குழாய் அடைத்துக்கொள்ளும். அது மட்டுமன்றி, கஞ்சியின் கலோரியில் ஏறக்குறைய முழுவதும் மாவுச்சத்து; புண் ஆறவும் தசை கரையாமல் இருக்கவும் வேண்டிய புரதம் அதில் மிகக் குறைவு. படுக்கையில் கிடக்கும் பெரியவருக்கு முதுகில் புண் வருவதற்கு இதுவே வழி.

இனி ஆபத்து. மருத்துவமனையில் கொடுத்த கலவையின் மாவுச்சத்தைக் கணக்கிட்டுத்தான் அவருக்கு இன்சுலின் அளவை எழுதியிருப்பார்கள். வீட்டில் அந்தக் கலவையை நிறுத்தி நீர்க் கஞ்சிக்கு மாறிவிட்டு அதே அளவு இன்சுலினைப் போட்டால், ரத்தச் சர்க்கரை திடீரென விழும். விழுங்கவும் பேசவும் முடியாதவர் ‘படபடப்பாக இருக்கிறது’ என்று சொல்லப் போவதில்லை. வியர்த்திருக்கும், உடல் சில்லிட்டிருக்கும், கூப்பிட்டால் கண் திறக்க மாட்டார்; தூங்குகிறார் என்று நினைத்துவிடுவீர்கள். ஆகவே உணவில் எந்த மாற்றம் செய்வதானாலும் மருத்துவரிடம் சொல்லி இன்சுலின் அளவை மாற்றி எழுதி வாங்காமல் செய்யாதீர்கள். இன்சுலின் போட்ட பிறகு அவர் வாந்தி எடுத்தாலோ, கைபட்டுக் குழாய் வெளியே வந்துவிட்டாலோ, ‘காலையில் பார்த்துக்கொள்ளலாம்’ என்று இருக்க வேண்டாம். உடனே சர்க்கரையைப் பாருங்கள், மணிக்கொருமுறை பாருங்கள், வாய்வழியாக எதையும் ஊட்டாமல் அருகிலுள்ள மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். மருத்துவமனையில் இப்படி உணவு தடைபட்டால் நரம்பு வழியாக டெக்ஸ்ட்ரோஸ் என்ற குளுக்கோஸ் நீரை ஏற்றிச் சமாளிப்பார்கள். வீட்டில் அந்த வசதி இல்லை.

மருத்துவமனையில் 280 வரை போனதற்குக் கலவையை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. பக்கவாதம் ஏற்படுத்தும் அதிர்ச்சியும், நோய்த்தொற்றும், ஸ்டீராய்டு மருந்து கொடுத்திருந்தால் அதுவும் சர்க்கரையை ஏற்றும். ஆனால் கலவைக்கும் பங்கு உண்டு. உங்கள் மாமனாரைப் போன்றவர்களை வைத்தே ஜெர்மனியில் ஓர் ஆய்வு நடந்தது: நரம்புப் பாதிப்பால் விழுங்க முடியாமல் குழாய் உணவில் இருந்த சர்க்கரை நோயாளிகளில் ஒரு பிரிவினருக்குச் சாதாரணக் கலவையும், மறு பிரிவினருக்கு மாவுச்சத்து குறைந்த, ஒற்றை நிறைவுறாக் கொழுப்பு மிகுந்த கலவையும் 12 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். 2005-இல் வெளியான முடிவின்படி, இரண்டாம் பிரிவினரின் இன்சுலின் தேவையும் வெறும் வயிற்றுச் சர்க்கரையும் குறைந்தன. குழாய் உணவில் இருப்பவருக்கு வேறு சாப்பாடு இல்லை. நாள் முழுவதும் உள்ளே போவது அந்தக் கலவை ஒன்றுதான். ஆகையால் சர்க்கரை நோயாளிகளுக்கான கலவை தன் விலைக்கு நியாயம் செய்வது இவர்களிடத்தில்தான் என்பது என் கருத்து. நன்றாகச் சாப்பிட்டு நடமாடுகிறவர் மாலை நேரத்துக்குக் குடிக்கும் டம்ளரைப் பற்றி எனக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை.

செலவு கட்டுப்படியாகாது என்பது நியாயமான கவலை. நாளின் பாதி வேளைகளுக்குக் கலவையும், மீதிக்கு உணவியல் நிபுணர் அளவு எழுதிக் கொடுக்கும் வீட்டு உணவும் என்று பிரித்துக்கொள்ள முடியும். வேகவைத்த பாசிப்பருப்பு, வேகவைத்த முட்டையின் வெள்ளைக் கரு, மோர், சிறிது எண்ணெய் ஆகியவற்றை மிக்சியில் நைசாக அரைத்து வடிகட்டிச் செய்யும் உணவு அது. வெறும் கஞ்சி அன்று. அதிலும் மாவுச்சத்துக் கணக்கு ஒவ்வொரு வேளையும் ஒரே அளவில் இருக்க வேண்டும்.

செய்முறையில் சில விஷயங்களைக் கவனியுங்கள். கொடுக்கும்போதும் கொடுத்த பின் அரை மணி முதல் ஒரு மணி நேரம் வரையும் தலைப்பக்கத்தை 30 முதல் 45 டிகிரி உயர்த்தி வையுங்கள். ஒவ்வொரு முறையும் முன்னும் பின்னும் 30 மில்லி வெந்நீர் ஆறவைத்துச் செலுத்திக் குழாயைக் கழுவுங்கள். கலந்த பவுடரை வெளியே நான்கு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள். மெட்ஃபார்மின் மாத்திரையின் பெயரோடு எஸ்ஆர் அல்லது எக்ஸ்ஆர் என்று இருந்தால் அதைப் பொடித்துக் குழாயில் விடக்கூடாது. நாள் முழுவதும் மெல்லக் கரைய வேண்டியது ஒரேயடியாகக் கரைந்துவிடும். பொடிக்கக்கூடிய சாதாரண வகையை மாற்றி எழுதித் தரும்படி மருத்துவரிடம் கேளுங்கள்.

கேள்வி: லோ சுகர் ஆகும்போது கையில் சாக்லேட் இல்லை என்றால் இந்தப் பவுடரைக் கலக்கிக் குடிக்கலாமா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: கூடாது. சர்க்கரையை மெல்ல ஏற்றுவதற்கென்றே செய்த பொருளை, வேகமாக ஏற்ற வேண்டிய நேரத்தில் நம்பக்கூடாது. கொழுப்பு மிகுந்த சாக்லேட்டும் அந்த நேரத்துக்கு ஏற்றதன்று. 15 கிராம் குளுக்கோஸ் பொடியை நீரில் கலந்து குடித்துவிட்டுப் பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். நீங்கள் வோக்லிபோஸ் அல்லது அகார்போஸ் மாத்திரை சாப்பிடுகிறவரானால் வீட்டுச் சர்க்கரையும் வேகமாக உதவாது. அது குடலில் உடைவதைத்தான் அந்த மாத்திரை தடுக்கிறது. குளுக்கோஸ் பொட்டலம் ஒன்றைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: எனக்கு வயது 47. உயரம் 168 செ.மீ., எடை 84 கிலோ. ஐந்து ஆண்டுகளாகச் சர்க்கரை. மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் சாப்பிடுகிறேன். இங்கிலாந்தில் வெறும் ஷேக்கும் சூப்பும் குடித்தே சர்க்கரை நோயை விரட்டியிருக்கிறார்கள் என்று அங்கிருக்கும் என் மைத்துனர் சொல்கிறார். நானும் சர்க்கரை நோயாளிகளுக்கான பவுடரை ஒரு நாளைக்கு நான்கு டம்ளர் மட்டும் குடித்து மூன்று மாதம் இருந்து பார்க்கலாமா?
— ஒரு வாசகர், கோயம்புத்தூர்

பதில்: உங்கள் மைத்துனர் சொல்வது ‘டைரக்ட்’ என்ற ஆய்வைப் பற்றி. ஸ்காட்லாந்திலும் இங்கிலாந்தின் டைன்சைடு பகுதியிலும் 306 பேரை வைத்து நடந்த அந்த ஆய்வின் முதலாண்டு முடிவு 2017 டிசம்பரில் வெளியானது. ஒரு பிரிவினர் மூன்று முதல் ஐந்து மாதம் வரை நாளொன்றுக்கு 825 முதல் 853 கலோரி கொண்ட திரவ உணவு மட்டும் எடுத்துக்கொண்டு, பிறகு படிப்படியாகச் சாப்பாட்டுக்குத் திரும்பினார்கள். ஓராண்டின் முடிவில் அவர்களில் 46 விழுக்காட்டினர் மருந்தின்றியே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே இருந்தனர். வழக்கமான சிகிச்சையில் இருந்தவர்களில் அது 4 விழுக்காடுதான். 15 கிலோவோ அதற்கு மேலோ குறைத்தவர்களில் 86 விழுக்காட்டினருக்கு அது கைகூடியது. இரண்டாம் ஆண்டில் 46 என்பது 36 ஆகக் குறைந்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் பலரும் கவனிக்காமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அவர்கள் குடித்தது சர்க்கரை நோயாளிகளுக்கான பவுடரே அன்று. அந்த ஷேக்கின் கலோரியில் 59 விழுக்காடு மாவுச்சத்து. நம் ஊர்ச் சாப்பாட்டின் விகிதத்துக்கு மிக அருகில். ஆக, சர்க்கரையை இறக்கியது கலவையின் நுட்பம் அன்று. மொத்த உணவும் மிகக் குறைந்ததால் உடல் எடை இறங்கி, கல்லீரலிலும் கணையத்திலும் படிந்திருந்த கொழுப்பு கரைந்ததே காரணம். உங்கள் கேள்விக்கும் ‘எதற்குப் பதிலாக’ என்பதே விடை: அங்கே அந்த டம்ளர் எல்லாச் சாப்பாட்டுக்கும் பதிலாக வந்தது.

உங்கள் வயதும் நோயின் காலமும் எடையும் அந்த ஆய்வில் சேர்த்துக்கொண்டவர்களின் வரம்புக்குள்தான் வருகின்றன: 20 முதல் 65 வயது, நோய் வந்து ஆறாண்டுக்குள், இன்சுலின் போடாதவர், உடல் நிறை எண் 27-க்கு மேல். உங்களுடையது ஏறத்தாழ 30. ஆனால் நீங்களாகவே தொடங்கக்கூடாது. அங்கே முதல் நாளன்றே சர்க்கரை மாத்திரைகளையும் ரத்த அழுத்த மாத்திரைகளையும் மருத்துவக் குழுவின் கண்காணிப்பில் நிறுத்தினார்கள். கிளிமிபிரைடைச் சாப்பிட்டுக்கொண்டே 850 கலோரிக்கு இறங்கினால் இரண்டாம் நாளே சர்க்கரை மிகத் தாழ்ந்து நீங்கள் சாலையில் மயங்கி விழலாம். டாபாகிளிஃப்ளோசின் போன்ற, சிறுநீர் வழியாகச் சர்க்கரையை வெளியேற்றும் மாத்திரை சாப்பிடுகிறவர் இப்படிச் செய்தால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் ஏறி உயிருக்கே ஆபத்தாகலாம். தவிர, ஒரு வேளைக்குப் பத்து கிராம் புரதம் உள்ள பவுடரை நான்கு முறை குடித்தால் நாற்பது கிராம்தான் கிடைக்கும். டைரக்ட் ஆய்வின் திரவ உணவில் அது ஐம்பது கிராமுக்கு மேல். உங்கள் எடைக்கு நாற்பது போதாது. கொழுப்போடு தசையும் கரையும்.

மருத்துவர் ஒப்புக்கொண்டு மாத்திரைகளை மாற்றி எழுதினால், முதலில் இரவுச் சாப்பாட்டை மட்டும் விட்டுவிட்டு அதற்குப் பதிலாக ஒரு டம்ளரும் காய்கறிக் கூட்டும் எனத் தொடங்கலாம். நான்கு சப்பாத்தி, குருமா என்ற இரவைவிட அது நானூறு கலோரி வரை குறையும்.

கேள்வி: இருபது தானியங்கள் சேர்த்து வறுத்து அரைத்த சத்துமாவுக் கஞ்சி வீட்டிலேயே இருக்கும்போது, வெளியே பவுடர் எதற்கு?
— ஒரு வாசகி, விருதுநகர்

பதில்: தானியம் எத்தனை என்பது முக்கியமன்று, எவ்வளவு நைசாக அரைத்தீர்கள், எவ்வளவு நேரம் கொதிக்கவிட்டீர்கள் என்பதே முக்கியம். மாவு நைசாக நைசாக, கஞ்சி குழையக் குழைய, சர்க்கரை வேகமாக ஏறும். அதே தானியங்களைப் பருப்போடு கொரகொரப்பாக அரைத்து அடையாக வார்த்தால் மெல்ல ஏறும். சத்துமாவில் தானியத்தைப் பாதியாகக் குறைத்துப் பொட்டுக்கடலை, வறுத்த பாசிப்பருப்பு, நிலக்கடலை ஆகியவற்றைப் பாதியாக்குங்கள். ஜவ்வரிசியை அறவே நீக்குங்கள். நல்ல பசியும் பல்லும் உள்ளவருக்கு இந்த அடையே போதும்; டப்பா வேண்டாம்.

கேள்வி: என் கணவருக்குச் சர்க்கரையோடு கிரியாட்டினினும் 2.4 இருக்கிறது. அவருக்கு இந்தப் பவுடரைக் கொடுக்கலாமா?
— ஒரு வாசகி, யாழ்ப்பாணம்

பதில்: அந்தக் கிரியாட்டினின் அளவு சிறுநீரகம் சரியாக வேலை செய்யவில்லை என்பதைக் காட்டுகிறது; ஆகவே சிறுநீரக மருத்துவரைக் கேட்காமல் கொடுக்காதீர்கள். இந்தப் பவுடர்களில் பொட்டாசியமும் பாஸ்பரஸும் சாதாரண அளவில் இருக்கும். அவருடைய சிறுநீரகம் அவற்றை வெளியேற்ற முடியாமல் திணறலாம். சிறுநீரக நோயாளிகளுக்கெனத் தனிக் கலவைகள் உண்டு. அவற்றிலும் டயாலிசிஸ் தொடங்காதவருக்குப் புரதம் குறைந்த வகை, டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் புரதம் மிகுந்த வகை என இரண்டு உண்டு. மாற்றி வாங்கிவிட்டால் இரண்டுமே கெடுதல். மருத்துவரிடம் போகும்போது டப்பாவின் பின்பக்கத்தைக் கைபேசியில் படமெடுத்து, கடைசியாகப் பார்த்த பொட்டாசியம் அளவோடு சேர்த்துக் காட்டுங்கள்.